கூகுள், மெட்டா பிடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

போன், மின்னஞ்சல், போட்டோ, வாட்ஸ்அப் என்று அன்றாடப் பிழைப்பு நாலைந்து வெளிநாட்டு நிறுவனங்களின் கணக்குகளுக்குள் அடங்கிவிட்டது. அதைக் குறைத்துக்கொள்ள நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இவை. கணினி படித்தவர்களுக்காக மட்டும் எழுதியதல்ல. ஆண்ட்ராய்டு போனும் ஒரு பழைய லேப்டாப்பும் இருந்தால் பெரும்பாலானவற்றைச் செய்துவிடலாம்.

எல்லாம் இலவசமாகத்தானே கிடைக்கிறது? எதற்கு இந்த மெனக்கெடல்?

நாளைக் காலையில் உங்கள் கணக்கு முடங்கினால் யாரிடம் போய் முறையிடுவீர்கள்? மின்கட்டணத்தில் தகராறு என்றால் உதவிப் பொறியாளர் அலுவலகம் இருக்கிறது. ஜிமெயிலுக்கு அப்படி ஒரு கதவு கிடையாது. ஒரு படிவம் நிரப்பி, கணினி தரும் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கின. 2025 ஜூலையில் நடந்தது இன்னும் தீவிரமானது. நாடெங்கும் பெட்ரோல் பங்குகள் வைத்திருக்கும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடை காரணமாகச் சொல்லப்பட்டது. நயாரா டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது; அதன் பிறகே சேவை திரும்பியது. அவர்களுக்கு வழக்குப் போட ஆளும் பணமும் இருந்தது. பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருப்பவருக்கு அந்த வழி இல்லை. அவருடைய வாடிக்கையாளர் எண்கள், அளவுக் குறிப்புகள், டிசைன் படங்கள் எல்லாம் ஒரே போனில், ஒரே கணக்கில் கிடந்தால் அந்தக் கணக்கு போகும் நாளில் கடையும் பாதி போய்விடும்.

ஆகவே எல்லாவற்றையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. எந்த நிறுவனம் எந்த நாளில் கதவைச் சாத்தினாலும் உங்கள் எண்கள், கடிதங்கள், படங்கள், பணம் நான்கும் உங்கள் கையில் இருக்க வேண்டும். மீதியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எதிலிருந்து தொடங்குவது?

முதலில் நகல், பிறகு மாற்றம், கடைசியில்தான் நீக்கம். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் படங்களை இழக்கிறார்கள். ஒரு மாதத்துக்கு ஒரு சேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எதிலோ ஓடிபி வராமல் சிக்கி, எரிச்சலில் பழையதற்கே திரும்பிவிடுவீர்கள்.

என் ஜிமெயிலை நெட் சென்டரில்தான் உருவாக்கிக் கொடுத்தார்கள். பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. அதனால் என்ன?

இந்த இரண்டு மாவட்டங்களிலும் வேறு எதையும்விட முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான். கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை, டிஎன்பிஎஸ்சி நிரந்தரப் பதிவு எதற்குப் போனாலும் "மெயில் ஐடி இருக்கா?" என்று கேட்டு, இல்லையென்றால் கடைக்காரரே ஒன்றைப் போட்டுக் கொடுக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார். ஆனால் மீட்பு எண் என்ற இடத்தில் பெரும்பாலும் கடையின் எண்ணோ அன்றைக்குக் கையிலிருந்த அண்ணனின் எண்ணோ போய் உட்கார்ந்துவிடுகிறது. நாலு வருடம் கழித்துப் போன் மாற்றும்போது ஜிமெயில் சரிபார்ப்பு கேட்கும். அந்த எண் அதற்குள் ரீசார்ஜ் இல்லாமல் துண்டிக்கப்பட்டு வேறொருவருக்குப் போயிருக்கும். அந்த மின்னஞ்சலை நம்பியிருந்த பதிவுகளுக்குள் நுழைய முடியாமல் போகும்.

போனில் அந்தக் கணக்கு இப்போதும் திறந்திருக்கிறது என்றால் இன்றே செய்யுங்கள். செட்டிங்ஸில் கூகுள், அதற்குள் உங்கள் கணக்கை நிர்வகிக்கும் பக்கம், அதில் பாதுகாப்புப் பகுதி. மீட்பு எண்ணையும் மீட்பு மின்னஞ்சலையும் உங்களுடையதாக மாற்றுங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். 'உங்கள் சாதனங்கள்' பட்டியலில் அடையாளம் தெரியாத கணினி இருந்தால் வெளியேற்றுங்கள். நெட் சென்டர் கணினி அங்கே இன்னமும் இருப்பது சாதாரணம். பிறகு இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கினால் எட்டு இலக்கத்தில் 10 மாற்றுக் குறியீடுகள் கிடைக்கும். அவற்றைத் தாளில் எழுதி ரேஷன் கார்டு வைக்கும் பையில் வையுங்கள். ஒவ்வொரு குறியீடும் ஒருமுறைதான் செல்லும்.

இன்னொன்று. ஜெராக்ஸ் கடையின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிய ஆதார், சாதிச் சான்றிதழ், பாஸ்புக் படங்கள் அந்தக் கணினியின் டவுன்லோட் கோப்புறையில் அப்படியே தங்கிவிடும். பென்டிரைவில் கொண்டுபோங்கள், அல்லது டிஜிலாக்கரிலிருந்து அங்கேயே திறந்து பிரிண்ட் எடுத்து வெளியேறுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியே ஆக வேண்டுமென்றால் வேலை முடிந்ததும் எதிரிலேயே அழிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

ஜிமெயிலுக்குப் பதில் எது நல்லது?

நம்மூர் ஜோஹோ மெயில், ஸ்விட்சர்லாந்தின் புரோட்டான், ஜெர்மனியின் டூட்டா என்று பல இருக்கின்றன. எதை எடுத்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: நாளை இதையும் விட்டுப் போக வேண்டுமென்றால் கடிதங்களை வெளியே எடுக்க முடியுமா? ஐமேப் வசதி (கடிதங்களை வேறொரு மென்பொருளில் எடுத்துப் படிக்க விடும் வழி) இருந்தால் லேப்டாப்பில் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளைப் போட்டு மொத்தத்தையும் இறக்கிக்கொள்ளலாம். பல நிறுவனங்கள் இலவசத் திட்டத்தில் ஐமேப் தருவதில்லை. புரோட்டானில் அதற்கு 'பிரிட்ஜ்' என்ற தனி மென்பொருள் வேண்டும். அது கட்டணத் திட்டத்தில் மட்டும் உண்டு.

கடை, தொழில், அறக்கட்டளை நடத்துபவர்கள் சொந்த டொமைன், அதாவது உங்கள் பெயரிலேயே ஓர் இணைய முகவரி, வாங்குவதே சரி. உங்கள் கடைப் பெயரில் 'டாட் இன்' முகவரி ஒன்றுக்கு வருடத்துக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் சொச்சம் வரை ஆகும். அதன் பிறகு மின்னஞ்சல் எந்த நிறுவனத்தில் இருந்தாலும் முகவரி மாறாது. கடிதம் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை டொமைன் பக்கத்தில் புதிய நிறுவனத்துக்குத் திருப்பிவிட வேண்டும். கூடவே, கடிதம் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் பதிவுகளையும் போட வேண்டும். இவற்றை விட்டுவிட்டால் நீங்கள் அனுப்பும் பில்கள் வாடிக்கையாளரின் ஸ்பேம் பெட்டிக்குள் போய் விழும்.

டொமைனைப் புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள். காலாவதியான பிறகு வேறொருவர் அதை வாங்கினால், உங்கள் முகவரிக்கு வரும் பாஸ்வேர்டு மீட்புக் கடிதமெல்லாம் அவருக்குப் போகும். மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுவது நிம்மதி.

வீட்டிலேயே மின்னஞ்சல் சர்வர் வைக்கலாமா என்று ஆர்வமுள்ள இளைஞர்கள் கேட்கிறார்கள். வேண்டாம். வீட்டு இணைப்புகளில் கடிதம் அனுப்பப் பயன்படும் 25ஆம் போர்ட் பெரும்பாலும் அடைக்கப்பட்டிருக்கும், ஐபி முகவரியும் பலருக்குப் பொதுவானதாக இருக்கும், அங்கிருந்து போகும் கடிதத்தைப் பெரிய நிறுவனங்கள் ஏற்பதில்லை. இந்த ஒன்றை மட்டும் காசு கொடுத்து வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பாஸ்வேர்டுகளை குரோமே நினைவில் வைத்திருக்கிறது. அதை எப்படி விடுவது?

பாஸ்வேர்டு காக்கும் மென்பொருளைப் போடுங்கள்: போனில் கீபாஸ்டிஎக்ஸ், லேப்டாப்பில் கீபாஸ்எக்ஸ்சி. எல்லாப் பாஸ்வேர்டும் பூட்டிய ஒரே கோப்பில் இருக்கும். குரோமிலிருந்து சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்து கீபாஸ்எக்ஸ்சிக்குள் இறக்குமதி செய்யுங்கள். முடித்த கையோடு அந்த சிஎஸ்வி கோப்பை அழியுங்கள், குப்பைத்தொட்டியிலிருந்தும் அழியுங்கள். அதற்குப் பூட்டு கிடையாது, யார் திறந்தாலும் அத்தனையும் தெரியும். ஓடிபி தரும் கூகுள் ஆதென்டிகேட்டருக்குப் பதில் ஏஜிஸ் வையுங்கள். பழைய செயலி காட்டும் க்யூஆரை ஸ்கேன் செய்தாலே எல்லாக் கணக்குகளும் வந்துவிடும். அதன் பேக்கப் கோப்பைப் போனுக்கு வெளியேயும் ஒரு பிரதி வையுங்கள். போன் கிணற்றில் விழுந்தாலும் கணக்குகள் பிழைத்துக்கொள்ளும்.

கூகுள் போட்டோஸ் நிரம்பிவிட்டது, பணம் கட்டச் சொல்கிறது. படங்களை எப்படி வெளியே எடுப்பது?

இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். 2021 ஜூன் 1 வரை சுருக்கப்பட்ட படங்கள் கணக்கில் வராமல் இருந்தன. அதற்குப் பிறகு எல்லாம் வருகிறது. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது இதே 15 ஜிபியில்தான் இடம் பிடிக்கிறது.

வெளியே எடுக்கும் வழிக்கு டேக்அவுட் என்று பெயர். கூகுளில் 'டேக்அவுட்' பக்கத்துக்குப் போய் எல்லாத் தேர்வையும் எடுத்துவிட்டு, போட்டோஸ் மட்டும் டிக் செய்யுங்கள். எந்த அளவுத் துண்டுகளாக வேண்டும் என்று கேட்கும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். 50 ஜிபி என்று கொடுத்தால் கோப்பு ஒன்றே ஒன்று. நம்மூர் இணைப்பில் 38 ஜிபி இறங்கும்போது கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. பழைய பென்டிரைவ் ஃபேட்32 அமைப்பில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்கவே ஏற்காது. 2 ஜிபி துண்டு கேளுங்கள். ஒன்று அறுந்தாலும் அந்த ஒன்றை மட்டும் திரும்ப இறக்கலாம். கோப்புகள் தயாராகி மின்னஞ்சல் வர சில மணி நேரமோ ஓரிரு நாளோ ஆகும். லிங்க் ஏறக்குறைய ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும், ஆகவே வெளியூர்க் கல்யாணத்துக்குக் கிளம்பும் முன் கேட்டு வைக்காதீர்கள்.

இறக்கியதும் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு ஜேசன் கோப்பு இருப்பதைப் பார்ப்பீர்கள். குப்பை என்று அழித்துவிட வேண்டாம். கேமராவில் எடுத்த படத்துக்குத் தேதி படத்துக்குள்ளேயே இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படத்துக்கு அது இருக்காது. தேதி அந்த ஜேசனில்தான் இருக்கிறது. அதை அழித்தால் பத்து வருடத்துப் படங்கள் எல்லாம் இன்று எடுத்ததைப்போல ஒரே தேதியில் குவிந்து நிற்கும். எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் மூலம் அந்தத் தேதியைப் படத்துக்குள் எழுதிவிடலாம். பின்னால் சொல்லும் இம்மிச் என்ற மென்பொருளுக்கு ஏற்றுவதானால் இம்மிச்-கோ என்ற கருவி ஜேசனையும் சேர்த்தே படித்துக்கொள்ளும்.

அழிக்கும் முன் இரண்டு எச்சரிக்கை. 'இடத்தைக் காலி செய்' பொத்தானை முன்பு அழுத்தியிருந்தால் உங்கள் போனில் அசல் இல்லை, கூகுளில் இருப்பதுதான் ஒரே பிரதி. அதேபோல், பேக்கப் இயங்கும்போது போட்டோஸ் செயலிக்குள் ஒரு படத்தை அழித்தால் அது போனிலிருந்தும் போய்விடும். இறக்கிய துண்டுகளை எல்லாம் விரித்து, பழைய வருடங்களில் அங்கங்கே பத்துப் படமாவது திறந்து பார்த்த பிறகுதான் கூகுள் பக்கம் கை வைக்க வேண்டும்.

இறக்கியாயிற்று. இனி எடுக்கும் படங்களுக்கு என்ன வழி?

சிங்க்திங். போனும் லேப்டாப்பும் வீட்டு வைஃபைக்குள் வந்ததும் படங்கள் தானாக லேப்டாப்புக்குப் போகும். நடுவில் எந்த நிறுவனமும் இல்லை, கணக்குத் திறக்கவும் வேண்டாம். ஆண்ட்ராய்டுக்கான அதன் அதிகாரபூர்வச் செயலி 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது. எஃப்-டிராய்டில் (பிளே ஸ்டோரைப்போல, கட்டற்ற மென்பொருள்களுக்கான செயலிக் கடை) 'சிங்க்திங்-ஃபோர்க்' என்று தேடிப் போடுங்கள். போட்டதும் பேட்டரிச் சிக்கனத்திலிருந்து அதற்கு விலக்குக் கொடுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஷாவ்மி, விவோ, ரியல்மி போன்கள் பின்னணியில் அதை நிறுத்திவிடும். நகல் போய்க்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டே மாதங்கள் ஓடிவிடும். போன் பக்கத்தில் 'அனுப்ப மட்டும்' என்று வையுங்கள். லேப்டாப் பக்கத்தில் கோப்புப் பதிப்புகளைப் பாதுகாக்கும் வசதியை இயக்குங்கள், ஏனென்றால் போனில் அழித்தால் லேப்டாப்பிலும் அழியும்.

லேப்டாப் ஒரு நகல்தான். மாதம் ஒருமுறை வெளிப்புற ஹார்டு டிஸ்க்கில் இன்னொன்று எடுங்கள். எடுத்ததும் அதைக் கழற்றி வையுங்கள். செருகியே வைத்தால் இடியும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். முடிந்தால் மூன்றாவது ஒன்று வேறு வீட்டில். ஓசூரில் வேலை பார்க்கும் பிள்ளை தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது பழைய டிஸ்க்கைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு பல குடும்பங்களுக்கு ஒத்துவரும்.

கூகுள் போட்டோஸைப்போலவே முகம் பார்த்துத் தேடும் வசதி வேண்டுமென்றால், உங்கள் கணினியிலேயே ஓடும் இம்மிச். குறைந்தது 6 ஜிபி ரேம் உள்ள, எப்போதும் ஓடும் கணினி தேவை. மின்வெட்டுக்கு யூபிஎஸ் வைக்காமல் அதைத் தொடங்காதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் தரவுத்தளம் கெடும்.

எங்கள் மண்டி விலை, பட்டுக்கூடு ஏல விலை, பூ விலை எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான். அதை விட முடியுமா?

இன்றைக்கு முடியாது, அவசரப்படவும் வேண்டாம். ராயக்கோட்டைத் தக்காளி விலையோ தர்மபுரி பட்டுக்கூடு அங்காடி விலையோ குழுவில் வந்தால்தான் விவசாயி இன்று பறிப்பதா நாளைக்கா என்று முடிவு செய்கிறார். ஒருவர் மட்டும் வெளியேறினால் நட்டம் அவருக்குத்தான்.

ஆனால் அந்தக் குழுவை இழந்தாலும் தொடர்பு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ள முடியும். குழுவில் முன்னூறு பேர் இருக்கலாம், உங்கள் போனில் சேமித்த எண்கள் முப்பதுதான் இருக்கும். உங்கள் கணக்கு தடைசெய்யப்பட்டாலோ குழு கலைந்தாலோ மீதி எண்களும் போய்விடும். முக்கியமானவர்களின் எண்ணைப் பெயர், ஊரோடு தொடர்புப் பட்டியலில் சேமியுங்கள். சேமிக்கும்போது 'கூகுள் கணக்கில்' என்று இல்லாமல் 'போனில்' என்று தேர்ந்தெடுங்கள். மாதம் ஒருமுறை தொடர்புகளை விசிஎஃப் கோப்பாக ஏற்றுமதி செய்து சிங்க்திங் கோப்புறையில் போடுங்கள். விலை போடும் நிர்வாகி வாரம் ஒருமுறையாவது எஸ்எம்எஸ்ஸிலும் அனுப்பிப் பழகினால் இணையம் நிற்கும் நாளிலும் செய்தி நிற்காது. பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் போகும்.

குடும்பத்துக்குள் சிக்னல் செயலி வைக்கலாம். லாபநோக்கமற்ற அறக்கட்டளை நடத்துவது. பேச்சு, எழுத்து இரண்டும் முனைக்கு முனை பூட்டப்பட்டவை, அதாவது அனுப்புபவரையும் பெறுபவரையும் தவிர நடுவில் யாரும் படிக்க முடியாது. நாலு பேர் உள்ள குடும்பக் குழுவை மாற்றுவது எளிது, நானூறு பேர் உள்ள சங்கக் குழுவை மாற்றுவது கடினம். சிறியதில் தொடங்குங்கள். சிக்னலில் பேக்கப் தானாக நடக்காது. நீங்களே இயக்கி, அது தரும் நீண்ட மீட்புக் குறியீட்டை எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் போன் தொலையும்போது உரையாடல் எல்லாம் போகும்.

டெலிகிராம் இதைவிடப் பாதுகாப்பு என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சரியல்ல. அதன் சாதாரண உரையாடலும் குழுக்களும் முனைக்கு முனை பூட்டப்படுவதில்லை. ஜோஹோவின் அரட்டை நம் ஊரிலிருந்து வந்த செயலி என்பதில் பெருமைப்படலாம். ஆனாலும் அதுவும் ஒரே நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது, எண்களின் நகல் எடுத்து வைக்கும் வேலை அங்கேயும் உண்டு.

வாட்ஸ்அப்பிலேயே தொடர்பவர்கள் ஒன்று செய்யுங்கள். உரையாடல் பூட்டப்பட்டிருந்தாலும் கூகுள் டிரைவுக்குப் போகும் பேக்கப்புக்குத் தனியாகப் பூட்டுப் போட வேண்டும். செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போனால் முனைக்கு முனைப் பூட்டு அங்கே இருக்கும்.

ஜிபே, போன்பே இல்லாமல் காலம் தள்ள முடியுமா?

தாராளமாக. யூபிஐ என்பது இந்தியத் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் நடத்தும் அமைப்பு. ஜிபே கூகுளுடையது, போன்பேயில் பெரும்பங்கு வால்மார்ட்டுடையது. இரண்டும் அந்த அமைப்பின் மேல் ஓடும் செயலிகள் மட்டுமே. அந்தக் கழகமே 2016 டிசம்பர் 30இல் வெளியிட்ட பீம் செயலி இருக்கிறது, உங்கள் வங்கியின் செயலியிலும் யூபிஐ இருக்கிறது. எந்தக் கடையின் க்யூஆரையும் எந்த யூபிஐ செயலியாலும் ஸ்கேன் செய்யலாம். யூபிஐ பின் வங்கிக் கணக்குக்குச் சேர்ந்தது, செயலிக்கு அல்ல. ஆகவே பீமில் கணக்கைச் சேர்த்ததும் பழைய பின்னே வேலை செய்யும். முதல் சில வாரம் இரண்டும் இருக்கட்டும். பழைய செயலியில் ஆட்டோபே ஏதாவது இருந்தால் அதை ரத்து செய்துவிட்டு அல்லது மாற்றிவிட்டு அதன் பிறகு நீக்குங்கள்.

கடைக்காரர்கள் தங்கள் வங்கிக் கிளையிலேயே க்யூஆர் கேட்டு வாங்கலாம். நெட் இல்லாத இடத்தில் *99# அழைத்து ஒருமுறைக்கு 5,000 ரூபாய் வரை அனுப்பலாம். எல்லா சிம்மிலும் அது ஒரேபோல வேலை செய்வதில்லை, தேவைப்படும் நாளுக்கு முன்பே பத்து ரூபாய் அனுப்பிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

கூகுள் மேப்புக்கு மாற்று?

ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்ம்அண்ட். இரண்டும் உலகம் முழுக்க மக்கள் சேர்ந்து வரையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவில் இயங்குபவை. நம் மாவட்டங்களில் இவை கூகுளைவிட ஒரு விதத்தில் மேல்: வரைபடம் முழுவதும் போனிலேயே இருக்கும். தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகும் காட்டுப் பாதையிலும் வத்தல்மலை, சித்தேரி மலைப் பாதைகளிலும் டவர் விட்டு விட்டுத்தான் வரும். அங்கே ஆஃப்லைன் வரைபடம்தான் கைகொடுக்கும். வைஃபையில் இருக்கும்போது தமிழ்நாடு, கர்நாடகா, ஆந்திரா மூன்றையும் இறக்குங்கள். ஓசூரிலிருந்து பத்து நிமிடத்தில் அத்திப்பள்ளி, கிருஷ்ணகிரியைத் தாண்டினால் குப்பம்; ஒரு மாநிலம் மட்டும் இறக்கினால் எல்லையில் வரைபடம் வெறுமையாகிவிடும். ஆஸ்ம்அண்டின் பிளே ஸ்டோர் இலவசப் பதிப்பு ஏழு வரைபடத்தோடு நிறுத்திக்கொள்ளும், எஃப்-டிராய்டு பதிப்புக்கு அந்த வரம்பு இல்லை.

குறையும் உண்டு. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து வண்டிகள் நிற்கின்றனவா என்று இவை சொல்லாது. கடைகளின் பெயர் குறைவு, சிற்றூர்த் தெருக்கள் பல இன்னும் வரையப்படவில்லை. அதை நிரப்ப வேண்டியவர்கள் நாம்தான். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலியைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் "இந்தத் தெருவின் பெயர் என்ன?", "இது தார்ச்சாலையா?" என்று கேட்கும், பதிலைத் தட்டினால் உலக வரைபடத்தில் ஏறிவிடும். கல்லூரி மாணவர்கள் விடுமுறையில் தங்கள் ஊரை மட்டும் முடித்தாலே 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநர் முதல் கூரியர்ப் பையன் வரை எல்லோருக்கும் பயன்படும்.

கூகுள் கீபோர்டை எடுத்துவிட்டால் தமிழில் எப்படி எழுதுவது?

இண்டிக் கீபோர்டில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் உண்டு. செல்லினமும் நல்ல தேர்வு. குரலில் சொல்லித் தட்டச்சு செய்பவர்களுக்கு மட்டும் கூகுளின் துல்லியம் வேறு எதிலும் இன்னும் வரவில்லை. அவர்கள் அதை வைத்துக்கொள்ளட்டும்.

அரசு கொடுத்த பழைய லேப்டாப் கிடக்கிறது. விண்டோஸ் திணறுகிறது. பயன்படுமா?

பயன்படும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது, விண்டோஸ் 11 அந்த இயந்திரங்களில் ஏறாது. விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்) சேர்ந்தே வந்தது. பெரும்பாலானோர் அதைத் திறந்து பார்க்கவில்லை. இப்போது லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடலாம். 2 ஜிபி ரேமில் ஊர்ந்து போகும், 4 ஜிபியில் நன்றாக ஓடும். ரேமும் ஹார்டு டிஸ்க்கும் இரண்டில் ஒன்றைத்தான் மாற்ற முடியுமென்றால் டிஸ்க்கை எடுத்துவிட்டு 256 ஜிபி எஸ்எஸ்டி போடுங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

8 ஜிபி பென்டிரைவில் எட்சர் அல்லது ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு மின்ட்டை எழுதுங்கள். லெனோவோ, டெல் என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9 அழுத்தி அதிலிருந்து துவக்குங்கள். உடனே நிறுவாமல் முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, ஒலி, டச்பேட் மூன்றையும் பாருங்கள். வைஃபை வரவில்லையென்றால் போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் செய்து, டிரைவர் மேலாளரில் வரும் டிரைவரைப் போடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். தமிழ் தட்டச்சுக்கு விசைப்பலகை அமைப்பில் இந்திய மொழிகளுக்குள் தமிழ்நெட்99 இருக்கிறது. எழுத்து வேலைக்கு லிப்ரேஆபீஸ் கூடவே வரும். வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் மட்டும் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடு மாற்றியில் போட்டு எடுக்க வேண்டும்.

எங்கே விண்டோஸை விடக் கூடாது? டேலி பயன்படுத்தும் கடை, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போட்டு டெண்டர் எடுப்பவர்கள். பிரிண்டரிலும் கவனம் தேவை: ஜெராக்ஸ் கடைகளில் எங்கும் காணும் கேனன் எல்பிபி2900 லினக்ஸில் படாதபாடு படுத்தும். ஹெச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் செருகியதும் வேலை செய்யும்.

சிக்கினால் கேட்க ஆள் உண்டு. கணியம் தளத்தில் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே கட்டுரைகளும் மின்னூல்களும் கிடைக்கின்றன. சென்னையிலும் விழுப்புரத்திலும் இயங்கும் லினக்ஸ் பயனர் குழுக்கள் புதியவர்களின் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்கின்றன.

தேடலும் பிரவுசரும்?

ஃபயர்ஃபாக்ஸும் அதில் யூபிளாக் ஆரிஜினும். குரோம் 2025இல் அந்த விளம்பரத் தடுப்பானின் முழுப் பதிப்பை நிறுத்திவிட்டது. போன் ஃபயர்ஃபாக்ஸில் இன்றும் முழுமையாக ஓடுகிறது. தேடலுக்கு டக்டக்கோ போதும். தமிழ்த் தேடலில் கூகுள் இன்னும் முன்னே இருப்பது உண்மைதான், கிடைக்காதபோது மட்டும் அங்கே போங்கள். ஆண்ட்ராய்டு விஷயத்தில் கூகுள் தன் பலத்தைத் தவறாகப் பயன்படுத்தியதென்று 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்பது அந்த உத்தரவிலேயே இருக்கிறது.

யூடியூப்?

படைப்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், பார்ப்பதை விட வேண்டியதில்லை. நியூபைப் செயலியில் கணக்கு இல்லாமலே சேனல்களைப் பின்தொடரலாம், பாட்டைப் பின்னணியில் ஓடவிடலாம். யூடியூப் ஏதாவது மாற்றும்போதெல்லாம் சில நாள் நின்றுபோகும். புதிய பதிப்பு வந்ததும் சரியாகும்.

போனிலிருந்தே கூகுளை எடுத்துவிட்டு, கூகுள் இல்லாத ஆண்ட்ராய்டான லினியேஜ்ஓஎஸ் போடலாமா?

ஒரே போன் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டாம். வங்கிச் செயலிகளும் யூபிஐயும் மாற்றப்பட்ட போனை அடையாளம் கண்டு திறக்க மறுக்கும். இங்கே விற்கும் போன்களில் பலவற்றுக்கு, வேறு இயங்குதளம் ஏற்றத் திறந்தாக வேண்டிய பூட்லோடரைத் திறக்கவே முடியாது. உள்ள போனிலேயே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது: விளம்பர அடையாளத்தை நீக்குவது, கூகுள் கணக்கில் இணையச் செயல்பாட்டுப் பதிவை நிறுத்தி மூன்று மாதத்தில் தானாக அழியும்படி வைப்பது, பயன்படுத்தாத செயலிகளை முடக்குவது, செயலிகளை முடிந்தவரை எஃப்-டிராய்டிலிருந்து எடுப்பது. வீட்டில் இரண்டாவது பழைய போன் இருந்தால் அதில் லினியேஜ் போட்டுப் பழகுங்கள்.

பழைய ஜிமெயிலை எப்போது மூடலாம்?

குறைந்தது ஒரு வருடம் திறந்தே வையுங்கள். புதிய முகவரிக்குத் தானாக முன்னனுப்பும்படி அமைத்து, அப்படி வரும் கடிதங்களுக்கு ஒரு லேபிள் போடுங்கள். அந்த லேபிளில் யார் வருகிறார்களோ அவர்களிடம்தான் இன்னும் முகவரி மாற்றவில்லை என்று அர்த்தம். வங்கி, எல்ஐசி, ஆதார், வருமான வரி, பிஎஃப், கேஸ் இணைப்பு, பிள்ளைகளின் கல்லூரிப் பதிவுகள் என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள். காப்பீடு வருடத்துக்கு ஒரு கடிதம்தான் போடும், அதற்காகத்தான் ஒரு வருடக் கணக்கு.

மூடுவதற்கு முன் போனிலிருந்து அந்தக் கணக்கை வெளியேற்றுங்கள். அப்படிச் செய்யாமல் மூடிவிட்டு, பிறகு மீட்புமுறையில் (ரெக்கவரி மோட்) போனை அழித்து அமைத்தால், போன் அந்தப் பழைய கணக்கின் பாஸ்வேர்டையே கேட்டு நிற்கும். அந்தக் கணக்கில் யூடியூப் சேனலோ கடையின் மேப் பதிவோ இருந்தால் முதலில் வேறு கணக்கை அதற்கு உரிமையாளராகச் சேர்க்க வேண்டும்.

மூட மனமில்லை என்றால் அப்படியே விடலாம். ஆனால் இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் கணக்கை உள்ளே இருப்பதோடு சேர்த்து கூகுள் அழித்துவிடலாம் என்பது 2023 டிசம்பரிலிருந்து நடைமுறை. வருடத்துக்கு ஒருமுறை, பொங்கல் விடுமுறையில் ஹார்டு டிஸ்க் நகல் எடுக்கும் அன்றே, அதிலும் ஒருமுறை உள்ளே போய் வந்துவிடுங்கள்.